எட்டாம் நாள் நான் சொன்ன பொய்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று வியாழன். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். யுத்தக் காலத்தில் காகிதம் கிடைப்பதே கஷ்டம் என்று உன் அம்மா முணுமுணுத்தாள், ஆனால் தடுக்கவில்லை. நீ கேட்டது பார்வைக்குச் சின்ன விஷயம். பெண்ணின் தகப்பனார் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அப்பாவை சர்க்கார் வேலையிலிருந்து நீக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். என்ன காரணம் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். உடம்பு முடியாமல் அவரே விட்டுவிட்டார் என்று நீ சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அதை அப்பாவே ஒரு வரி எழுதி அனுப்பட்டும் என்றிருக்கிறார். அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலில் அனுப்பச் சொல்கிறாய். கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கிறது. பத்திரிகை அச்சாகிவிட்டது. கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிப்பும் ஒரு ஞாயிறு முடிந்துவிட்டது.

அந்த வரியை என்னால் எழுத முடியாது. இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு முழுவதும் படி. உன்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. நீ அவரிடம் சொன்னது நீ உண்டாக்கிய பொய் அல்ல, நான் உன் வாயில் வைத்த பொய். பத்து வயதில் போர்டிங் பள்ளிக்கூடத்திலிருந்து லீவுக்கு வந்தபோது, "ஏம்ப்பா நீங்க ஆபீஸுக்குப் போறதில்லை?" என்று கேட்டாய். "உடம்புக்கு ஒத்துக்கலை கண்ணு" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டால் பெற்றவர்களுக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது! பதினான்கு வருஷம் அந்தச் சௌகரியத்தில் இருந்துவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உனக்கு அப்போது மூன்று வயது. நாம் திருச்செங்கோட்டில் குடியிருந்தோம். நான் ஊர் ஊராகச் சென்று, பெரியம்மை வராமல் தடுக்கும் அம்மைப்பாலைக் குழந்தைகளுக்குக் குத்தும் உத்தியோகத்தில் இருந்தேன். காக்கிச் சட்டை, சைக்கிள், ஊசியும் பதிவேடும் வைத்த தகரப்பெட்டி, இவைதான் என் கோலம். நான் ஊருக்குள் நுழைந்தால் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிவார்கள். அம்மை நோய் மாரியம்மனின் விளையாட்டு, அதில் மனுஷன் கை வைத்தால் அவள் கோபிப்பாள் என்ற பயம். ஒரு ஊரில் பத்துக் குழந்தைகளின் கையைப் பிடிப்பதற்குள் என் தொண்டை வறண்டுபோகும்.

கிறிஸ்தவன் என்ற பெயருக்கு அப்போது என்னிடம் ஒரு குறையும் கிடையாது. விடிந்ததும் ஜெபம், விளக்கு வைத்ததும் ஜெபம். ஞாயிறு தவறாமல் கோயில். என் குரல் நன்றாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். கீர்த்தனை நடத்த என்னைத்தான் கூப்பிடுவார்கள். குடி கிடையாது, பீடி கிடையாது. இதெல்லாம் சேர்ந்ததுதான் கிறிஸ்தவ வாழ்க்கை என்று நம்பியிருந்தேன். காலை ஜெபத்துக்கும் மாலை ஜெபத்துக்கும் நடுவில் இருக்கிற பகல் யாருடையது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது சர்க்காருடையது, இன்ஸ்பெக்டருடையது, சம்பளத்துக்காகச் செய்து முடிக்க வேண்டியது என்றுதான் இருந்தேன்.

அந்த மாசி மாதம் சைக்கிளில் சேலத்துக்குப் போய் அம்மைப்பால் டியூபுகளை வாங்கினேன். அந்தப் பால் சூட்டில் தங்காது. ஈரத்துணியில் சுற்றி, மண்பானைக்குள் வைத்து, வாங்கிய ஓரிரு நாளில் குத்திவிட வேண்டும். உனக்கு முந்தின வருஷம் குத்தியபோது அப்படித்தான் செய்தேன். வாங்கிய அன்றைக்கே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, முதல் டியூபை உடைத்து உனக்குக் குத்தினேன். ஆனால் அன்று சேலத்தில் சபையின் மூன்று நாள் கூட்டம் தொடங்க இருந்தது. வழியில் பார்த்த போதகர், "நீங்க இருந்து பாட்டு நடத்திக் கொடுத்தா நல்லா இருக்குமே" என்றார். எனக்கும் ஆசை. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் பந்தலில் பாடுவதென்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? தகரப்பெட்டியைக் கோயில் வளாகத்தில் தகரக்கூரை போட்ட அறை ஒன்றில் வைத்தேன். முதல் நாள் துணியை நனைத்தேன். இரண்டாம் நாள் மறந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பெட்டியைத் தொட்டபோது கை சுட்டது. அந்தச் சூட்டில் பால் கெட்டிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, மறுநாள் முகாம் குறித்திருந்த ஊருக்குப் போனேன். போகிற வழியெல்லாம் முந்தின நாள் பாடிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, நிலக்கடலையும் சோளமும் விளையும் சிற்றூர். வழக்கம்போல எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. மாரியம்மன் கோயில் மரத்தடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்போது செங்கோடன் என்ற விவசாயி தன் ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் பெயர் அத்தாயி. அவர் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"மூத்த புள்ளைய அம்மாவுக்குக் குடுத்தாச்சுங்க. இவளையும் குடுக்க என்னால ஆகாதுங்க. நீங்க படிச்சவரு, சாமி கும்புடறவரு. உங்களை நம்பித்தான் நீட்டறேன். குத்துங்க."

அந்தப் பெண் அழவில்லை. நாலு இடத்தில் கீறியபோதும் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் நாற்பது குழந்தைகளுக்கு மேல் குத்திவிட்டேன். என் உத்தியோகத்தில் ஒரே ஊரில் ஒரே நாளில் அத்தனை பேர் வந்ததில்லை. கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அப்படியே சொன்னேன், மகனே.

எட்டாம் நாள் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. பால் பிடித்திருந்தால் கீறின இடத்தில் கொப்புளம் எழும்பி, நடுவில் குழி விழுந்து, முத்துப் போல இருக்கும். போனேன். வரிசையாகக் கைகளைப் பார்த்தேன். எல்லாம் சப்பையாக, கீறல் காய்ந்து, ஒன்றுமே நடக்காதது போல் இருந்தன. செங்கோடன் மகளின் கையைத் திருப்பிக் காட்டினார்.

"ஏனுங்க, கொப்புளம் வருமுன்னு சொன்னீங்க. வரலீங்களே?"

உண்மையைச் சொல்ல அதிக நேரம் பிடித்திருக்காது. பால் கெட்டுப்போச்சு, என் தப்பு, வேறு கொண்டுவந்து மறுபடி குத்துகிறேன், அவ்வளவுதான். ஆனால் மறுபடி டியூப் கேட்டால் இன்ஸ்பெக்டர் காரணம் கேட்பார். மூன்று நாள் எங்கே இருந்தாய் என்பார். அடுத்த மாதம் எனக்கு உத்தியோக உயர்வு வருவதாக இருந்தது. அதோடு, நம்பிக் கையை நீட்டிய ஊருக்கு முன்னால் முட்டாளாக நிற்க வெட்கமாக இருந்தது.

"சில பேருக்கு உள்ளுக்குள்ளேயே பிடிச்சுக்குங்க. வெளியே தெரியாது. பயப்படாதீங்க" என்றேன்.

"அப்படிங்களா? நீங்க சொன்னாச் சரிங்க" என்று அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மரத்தடியில் உட்கார்ந்து, பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பிடித்தது' என்று எழுதினேன். எழுத்து அழகாக, நேராக விழுந்தது. அதைத்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன். கெட்டவனாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்து நான் எதையும் செய்யவில்லை. நான் எதையுமே தீர்மானிக்கவில்லை. பாடு என்றார்கள், பாடினேன். முகாம் என்றார்கள், போனேன். அவர் கேட்டார், வாய்க்கு வந்த வார்த்தையைச் சொன்னேன். ஒரு பாவத்தைச் செய்ய மனுஷன் அதற்கென்று ஒரு நாள் குறிக்க வேண்டியதில்லை. சும்மா வழக்கப்படி நடந்துகொண்டே இருந்தால் போதும்.

சித்திரை கடைசியில் திருச்செங்கோட்டுச் சந்தையில் கடலை மூட்டைக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த ஊரில் அம்மா இறங்கியிருக்கிறாள், வீட்டுக்கு வீடு வேப்பிலை கட்டியிருக்கிறது, இரண்டு பிள்ளைகள் போய்விட்டன என்றார்கள். நான் வாங்கிய காய்கறியைக் கடைப் பலகையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் மூன்று நாள் நான் ஜெபித்தேன். உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஓடவில்லை. முழங்காலிட்டு அழுதேன், அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றும் என்று கேட்டேன், எனக்கு ஒரு அடையாளம் காட்டும் என்று கேட்டேன். நீ என் முதுகின்மேல் ஏறிக் குதிரை விளையாடினாய். உன் சட்டைக்கை விலகி, தோளில் நாலு தழும்பும் தெரிந்தன. மூன்றாம் நாள் காலை உன் அம்மா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணிப்போட்டீங்க? சொல்லுங்க."

சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றும் தாங்கவில்லை.

"ஜெபிச்சது போதுங்க," என்றாள். "எந்திரிச்சுப் போங்க. போற வழியில சாமிகிட்டப் பேசிக்கலாம்."

அன்றே தாலுகா ஆபீசில் புதிதாக வந்திருந்த பாலை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். ஊருக்கு வெளியே பாவாயியைப் பார்த்தேன். செங்கோடனின் மனைவி. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு குடம் சுமந்து, மைல் தூரத்து வாய்க்காலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஊரில் நல்ல கிணறு இருக்கிறதே என்று கேட்டேன்.

"ஊருக் கெணத்துல எறங்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள். "அம்மாவுக்கு ஆகாததை மொதல்ல ஏத்துக்கிட்டது நாங்கதானாமா. எங்களாலதான் ஊருக்கே வந்துதுன்னு நெருப்புக்கூடக் குடுக்கறதில்லீங்க. அத்தாயிக்கும் வந்துருச்சு. மொகம் முச்சூடும் போட்டிருக்குது."

எனக்கு என்ன தோன்றியது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஊர் என்மேல் சந்தேகப்படவே இல்லை. அம்மன் கோபம் என்று நம்புகிறது. பழியைச் செங்கோடன்மேல் போட்டிருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் எனக்கு எதுவும் ஆகாது. நாலு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு, பெட்டியைத் திருப்பிக் கட்டிக்கொண்டு போய்விடலாம். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு இரண்டு வழியும் தெளிவாகத் தெரிந்தன. என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஞானஸ்நானம் குழந்தையில் எடுத்தது. சபையில் முழு அங்கத்தினனாக்கும் திடப்படுத்தல் என் வகுப்பிலிருந்த எல்லோருடனும் சேர்ந்து எடுத்தது. நான் கிறிஸ்தவனானது அந்த வாய்க்கால் பாதையில்தான் என்று நினைக்கிறேன்.

கோயில் மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இருந்தார்கள். செங்கோடன் தள்ளி, தனியாக நின்றிருந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் முன்னால் நின்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லணுங்க. செங்கோடன் மேல தப்பு இல்லீங்க. அம்மா கோபிச்சு வந்ததும் இல்லீங்க. நான் குத்தின பால் செத்த பால். சூட்டுல வெச்சுக் கெடுத்துப்போட்டேன். அது கெட்டிருக்கும்னு சந்தேகம் இருந்தும் குத்தினேன். எட்டாம் நாள் வந்து பார்த்தப்ப நிச்சயமாத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் பொய் சொன்னேனுங்க."

ஊர்ப் பெரியவர் நான் சொன்னது புரியாதவர்போல் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் அங்கே இருந்தார். அவர் மெதுவாக எழுந்து, கையிலிருந்த மாடு ஓட்டும் தார்க்குச்சியால் என் தோளில் அடித்தார். இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. ரத்தம் கழுத்தில் இறங்குவது தெரிந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது பெரியவர் அவர் கையைப் பிடித்தார்.

"உடப்பா. இவனை அடிச்சுப்போட்டா புள்ளை எந்திரிச்சு வருமா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "செங்கோடன் ஊட்டுக்காரியைக் கெணத்துக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். செங்கோடன் மட்டும் என் அருகில் வந்தார். அவரும் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க, அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னொருவாட்டி கைய நீட்டியிருப்பமுங்களே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இருபத்தொரு வருஷமாக எந்தப் பிரசங்கமும் அந்த வார்த்தை போனவரைக்கும் எனக்குள் போகவில்லை. நான் பயந்த வெட்கம் என் மனதுக்குள்தான் இருந்தது, வெளியில் இல்லை. கேட்டிருந்தால் அந்த மனிதர் இன்னொரு தடவை நீட்டியிருப்பார். அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

புதிய பாலைக் குத்துகிறேன், இன்னும் அம்மை வராத குழந்தைகளையாவது கொண்டுவாருங்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். யாரும் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் பாவாயி தன் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தாள். பிறந்து ஐந்து மாதம்.

"இவனுக்குக் குத்துங்க. ஆனா எட்டு நாளைக்கு நீங்க இந்த ஊரைத் தாண்டக் கூடாது. கொப்புளம் வந்துதான் போகோணும். வரலீன்னா எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போகோணும்."

அந்த எட்டு நாளும் அவர்கள் மாட்டுக் கொட்டகையில் இருந்தேன். உள்ளே அத்தாயி தண்ணீர் தண்ணீர் என்று முனகுவது மண்சுவரைத் தாண்டிக் கேட்கும். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வாசலில் வைப்பேன். பாவாயி வந்து எடுத்துக்கொள்வாள். தினமும் விடிந்ததும் குழந்தையின் கையை என் முன்னால் நீட்டுவாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. தாலுகா ஆபீசில் இந்தப் பாலும் வெயிலில் இருந்திருந்தால்? மூன்றாம் நாள் மாலை கீறலைச் சுற்றி லேசாகச் சிவந்தது. ஐந்தாம் நாள் கொப்புளம் எழும்பியது. பாவாயி விரலால் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்தக் கையைக் காட்டினாள். அன்று பகலில் பத்தொன்பது பேர் வந்தார்கள்; தாலுகா ஆபீசுக்கு ஆள் அனுப்பிப் புதுப் பால் வரவழைத்து அவர்களுக்குக் குத்தினேன். அந்த நாட்களில் நான் நீளமாக ஜெபித்ததாக நினைவில்லை. தண்ணீர் சுமந்ததும் கையைப் பார்த்ததும்தான் நினைவிருக்கிறது.

அத்தாயி பிழைத்தாள். ஒரு கண்ணில் வெள்ளை விழுந்து போயிற்று. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார்கள். நான் திரும்பிவந்து இன்ஸ்பெக்டரிடம், பதிவேட்டில் எழுதியது பொய் என்று சொன்னேன். அவர் இரக்கமுள்ளவர். "பிடித்தது என்பதை அடித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளும். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். போதகரும், ஊரில் ஒப்புக்கொண்டது போதும், ஆபீஸ்வரைக்கும் போனால் சபைக்குத்தான் அவமானம் என்றார். இருவருமே என் நன்மைக்குத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பதிவேட்டை நம்பி மேலே இருப்பவர்கள் அந்தப் பகுதிக்குப் பால் அனுப்பத் தேவையில்லை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்து ஊர்களிலும் அந்த வாரம் அதே டியூபுகளால்தான் குத்தியிருந்தேன். எழுதிக் கொடுத்தேன். புதிய ஆள் அந்த ஊர்களுக்கெல்லாம் போனார். என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். இதுதான் காரணம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

நாமக்கல்லுக்குக் குடிவந்ததும், கடலை மண்டியில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்ததும், உன் அம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. ஒருதடவை செங்கோடனிடம் போய், கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் இருக்கிறது, அத்தாயியைச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவர், "அவளைக் கூட்டிட்டுப் போனா உங்க மனசு ஆறுமுங்களா? அதுக்கு எம்புள்ளை வேணுமா?" என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். மனந்திரும்புதல் என்பது நம் மனதை ஆற்றிக்கொள்ளும் வழி அல்ல என்று அந்த வெயிலில் நடந்து வரும்போது விளங்கியது. அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரிந்தது அம்மைப்பால் ஒன்றுதான். அடுத்த மாசியில் புதிய அம்மைக்காரர் எந்த ஊருக்குப் போகிறார் என்று விசாரித்து, அவருக்கு முன்னால் நான் அந்த ஊருக்குப் போனேன். தெருவில் நின்று, "நான் பொய் சொன்ன அம்மைக்காரனுங்க. இவருக்குக் கையை நீட்டுங்க. ஆனா எட்டாம் நாள் கொப்புளம் இருக்குதான்னு நீங்களே பாருங்க. இல்லீன்னா ஆளை உடாதீங்க" என்று சொன்னேன். சில ஊரில் சிரித்தார்கள், சில ஊரில் மண்ணை வாரிப் போட்டார்கள். கையை நீட்டியவர்களும் உண்டு. ஒவ்வொரு மாசியிலும் நான் "ஊர்ப்பக்கம்" போவதாகச் சொல்லிக் கிளம்புவதைப் பார்த்து, சுவிசேஷம் சொல்லப் போகிறேன் என்று நீ நினைத்தாய். நானும் உன்னைத் திருத்தவில்லை. முன்பின் தெரியாத ஊர்களிலெல்லாம் சொன்னதை என் சொந்த மகனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இதுவும் வழக்கப்படி நடந்துகொண்டே இருந்ததுதான். ஒருமுறை தீர்மானித்துவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். போதவில்லை. ஒவ்வொரு காலையும், இன்றைக்கு என் கையில் இருக்கும் வேலை யாரைத் தொடப்போகிறது, அதை யாருக்காகச் செய்கிறேன் என்று கேட்டுக்கொள்ளாத நாளெல்லாம் நான் பழைய ஆளாகவே இருந்திருக்கிறேன்.

ஆகவே உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. நீ என்னைவிட நல்ல பையன். சேலம் ரயில்வே ஆபீசில் உன்னைப் பற்றி நல்ல பெயர் என்று கேள்விப்படுகிறேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறாய், பாடுகிறாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பெண்ணோடு நீ நாற்பது ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கப் போகிறாய். ஒருநாள் அவள் உன்னிடம் ஒன்றைக் கேட்பாள். பதில் உன் வாய்க்குள் தயாராக இருக்கும். அது சுலபமாக, யாருக்கும் வலிக்காததாக இருக்கும். அப்போது ஒரு நிமிஷம் நின்றுவிடு, மகனே. நின்று, எதைச் சொல்லப்போகிறாய் என்று நீயே தீர்மானித்துச் சொல். சம்பந்தம் முறிந்துபோகலாம். பத்திரிகை அச்சானது வீணாகலாம். அந்த வலியை உனக்குக் கொடுப்பவன் நான் என்பதை மறக்கவில்லை. இந்த ஒரு தடவை என்னை மன்னிக்க முடியாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நேரே பெண்ணின் தகப்பனாரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நேற்று முழுவதும் நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். உன் வாழ்க்கையின் முதல் தீர்மானத்தை நான் எடுத்துவிட்டால், உனக்கு என்ன மிச்சம் இருக்கும்? திங்கட்கிழமை காலை வண்டியில் சேலம் வருகிறேன். பஸ் நிற்கும் இடத்தில் பத்து மணிவரை காத்திருப்பேன். நீ வந்தால் இருவருமாக அவர்கள் வீட்டுக்குப் போய், நானே என் வாயால் சொல்கிறேன். நீ வராவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன். உன்னைத் தேடி அறைக்கு வர மாட்டேன். ஆனால் என்றைக்காவது அவர் என்னைக் கேட்டால், நடந்ததைத்தான் சொல்வேன். அதையும் இப்போதே தெரிந்துகொள்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம் என்றாள். பிறகு, "அன்னைக்கு உங்களைத் தனியா அனுப்பிச்சுப்போட்டேன். போங்கன்னு சொல்லிப்போட்டு நான் ஊட்டுல உக்காந்திருந்தேன். இந்தவாட்டி நானும் வாரனுங்க" என்றாள்.

ஆகவே திங்கட்கிழமை வண்டியிலிருந்து இறங்கப்போவது இரண்டு பேர்.

அப்பா